கோவை – பெங்களூரு – துபாய் – பிராங்க்பர்ட்: ரெண்டு லேப்டாப், ஒரு பெரிய பவர் பேங்க். விமானத்துல சார்ஜுக்கு என்ன வழி?

திருப்பூர்_நிட் கேட்டது:

வணக்கமுங்க. அடுத்த மாசம் பையர் மீட்டிங்குக்கு நானும் பேட்டர்ன் மாஸ்டரும் பிராங்க்பர்ட் போறோம். கோவையிலிருந்து பெங்களூருக்கு உள்நாட்டு விமானம். அங்கிருந்து எமிரேட்ஸ்ல துபாய், மறுபடியும் எமிரேட்ஸ்லயே பிராங்க்பர்ட். பெங்களூரு–துபாய் நாலு மணி நேரம், துபாய்–பிராங்க்பர்ட் ஏழு மணி நேரம்னு வெச்சுக்கோங்க. இறங்கின மறுநாள் காலையிலயே மீட்டிங். அதனால காஸ்டிங் ஷீட்டும் (விலைக் கணக்கு), பேட்டர்ன் (துணி வெட்டற வடிவம்) திருத்தமும் போற வழியிலயே முடிச்சாகோணும்.

எடுத்துட்டுப் போறது இதெல்லாம்: ஆபீஸ் லேப்டாப் (பேட்டரி 54 வாட்-ஹவர், 65 வாட் யுஎஸ்பி-சி அடாப்டர்). பேட்டர்ன் சாப்ட்வேர் ஓடற பெரிய லேப்டாப் (பேட்டரி 83 வாட்-ஹவர், அடாப்டர் 20 வோல்ட் 9 ஆம்ப், அதாவது 180 வாட், உருண்டை பின்). 30000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒண்ணு. போன் ரெண்டு, டேப் ஒண்ணு, கேமராவும் அதுக்கு உதிரி பேட்டரி ரெண்டும், கலர் அளக்கற கைப்பிடி ஸ்பெக்ட்ரோ ஒண்ணு.

சீட்ல இருக்கற ப்ளக்குல 180 வாட் அடாப்டர் தாங்குமா? பவர் பேங்கை எங்க வெக்கறது? ஜெர்மனில நம்ம மூணு முள் ப்ளக் போகுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பவானி ஜமுக்காளம்:

பவர் பேங்குக்கெல்லாம் ரோசனையே வேண்டாங்க. செக்-இன் பெட்டியில துணிக்கு நடுவுல வெச்சுட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சீட்ல ப்ளக் இருக்குது, 180 வாட்டோ 200 வாட்டோ போட்டா ஏறிக்கும்.

பீளமேடு ஓயர்மேன்:

மேல சொன்னது ரெண்டும் தப்புங்க. தயவு செஞ்சு அப்படிச் செய்யாதீங்க. ப்ளக் விசயத்தை வேற ஆரையாவது சொல்லச் சொல்லி, நான் பேட்டரிய மட்டும் எடுத்துக்கறேன்.

எந்தக் கருவிக்குள்ளயும் மாட்டாம தனியா இருக்கற லித்தியம் பேட்டரிக்கு 'உதிரி பேட்டரி'னு பேரு. பவர் பேங்க்கும் அந்தக் கணக்குலதான் வருது. உதிரி பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில போகக் கூடாது, எந்த நாட்டு விமானமா இருந்தாலும் சரி. எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியும், பெட்டியை ஓரங்கட்டிருவாங்க. காரணம் இருக்குது. சரக்கு அறையில தீயை அமுக்க ஹாலான் வாயு வெச்சிருப்பாங்க. அது சுடரை அணைக்கும், சூட்டை இறக்காது. லித்தியம் செல் ஒண்ணு உள்ளுக்குள்ளயே சூடேறிப் பொங்க ஆரம்பிச்சா, அந்தச் சூடு பக்கத்து செல்லுக்கும் தாவும். கேபின்ல இருந்தா புகை கண்ணுல படும், தண்ணி ஊத்திக் குளிர வெக்கலாம். அதனாலதான் கையோட கொண்டு வரச் சொல்றாங்க.

அடுத்தது அளவு. எம்ஏஎச்சைப் பாக்காதீங்க, வாட்-ஹவரைப் பாருங்க. கணக்கு: எம்ஏஎச் × வோல்ட் ÷ 1000. 10000க்கு 37 வாட்-ஹவர், 20000க்கு 74, 27000க்கு 99.9. உங்க 30000க்கு 111. பொதுவான உலக விதிப்படி 100 வரைக்கும் யாரையும் கேக்க வேண்டீதில்லை. 100க்கு மேல 160 வரைக்கும் ஏர்லைன்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கோணும், அதுவும் ஆளுக்கு ரெண்டு உதிரிதான். 160ஐத் தாண்டினா பயணி கொண்டு போகவே முடியாது.

ஆனா நீங்க போறது எமிரேட்ஸ். 2025 அக்டோபர் 1லிருந்து அவங்க விதி இன்னும் இறுக்கம்: ஆளுக்கு ஒரு பவர் பேங்க், 100 வாட்-ஹவருக்குள்ள இருக்கோணும், கொள்ளளவு அதுமேல அச்சாகி இருக்கோணும். விமானத்துக்குள்ள அதுல இருந்து எதையும் சார்ஜ் போடக் கூடாது, அதையும் சீட் ப்ளக்குல போட்டு ஏத்தக் கூடாது. மேல இருக்கற லாக்கர்ல வெக்கக் கூடாது. சீட் பாக்கெட்டுல, இல்லாட்டி முன் சீட்டுக்கு அடியில இருக்கற பையில. ஆகவே உங்க 111ஐ வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க. நம்ம நாட்டுலயும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கற டிஜிசிஏ இப்ப விமானத்துக்குள்ள பவர் பேங்க்ல சார்ஜ் போடறதைத் தடுத்திருக்குது, அதனால பெங்களூரு வரைக்கும் அதே கதைதான். சிங்கப்பூர் வழியாப் போறவங்களுக்கும் சொல்றேன்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் ரெண்டுலயும் 2025 ஏப்ரல் 1லிருந்தே இந்தத் தடை இருக்குது.

இந்த இறுக்கம் சும்மா வந்ததில்லீங்க. 2025 ஜனவரி 28ல தென் கொரியாவுல கிம்ஹே விமான நிலையத்துல, கிளம்பறதுக்கு முன்னாடியே ஏர் பூசான் ஏ321 ஒண்ணு மேல் லாக்கர்ல புடிச்ச தீயில கூரையோட எரிஞ்சு போச்சு. உள்ள இருந்த அத்தனை பேரும் சறுக்குப் பாதையில தப்பிச்சு வெளிய வந்தாங்க. பவர் பேங்க் ஒண்ணுலதான் ஆரம்பிச்சிருக்கோணும்னு விசாரணையில சொன்னாங்க. லாக்கருக்குள்ள புகைஞ்சா வெளிய தெரியறதுக்குள்ள நேரம் போயிருது, அதனாலதான் மேல வெக்காதேங்கறாங்க.

கேமரா உதிரி பேட்டரிக ரெண்டையும் கையோட வெச்சுக்கோங்க. செம்புத் தகடு தெரியற முனையில ஒரு துண்டு டேப் ஒட்டுங்க, இல்லாட்டி ஒவ்வொண்ணையும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல போடுங்க. சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கற பாக்கெட்டுல போட்டா ரெண்டு முனையும் ஒண்ணு சேந்து ஷார்ட் ஆயிரும். ஸ்பெக்ட்ரோ பேட்டரி கருவிக்குள்ளயே இருக்கறதால அதுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனா அதையும் கைப்பையில வெக்கறதுதான் நல்லது. விலையை நினைச்சாவது.

ஈரோடு மஞ்சள்:

ஓயர்மேன் அண்ணா, ஒரு சந்தேகமுங்க. பவர் பேங்க் வெளிய தர்றது 5 வோல்ட்தானே? 30000 × 5 ÷ 1000 = 150 வருதே. நீங்க எப்படி 111ங்கறீங்க?

பீளமேடு ஓயர்மேன்:

அச்சடிச்சிருக்கற 30000ங்கறது உள்ள இருக்கற செல்லோட கணக்கு, அதோட வோல்ட் 3.7 (சிலதுல 3.6, இல்லாட்டி 3.85). 5 வோல்ட் ஆகறது உள்ள இருக்கற சர்க்யூட் ஏத்திக் குடுத்த பின்னாடி. அதனால பெருக்க வேண்டியது செல் வோல்ட்டோடதான். இதனாலதான் 20000னு வாங்கின பவர் பேங்க் போனுக்கு அவ்வளவு தர மாட்டீங்குதுனு எல்லாரும் கடைக்காரரைத் திட்டறாங்க. 74 வாட்-ஹவரை 5 வோல்ட்டால வகுத்தா 14800 எம்ஏஎச். ஏத்தி இறக்கறதுல ஒரு பத்துப் பதினஞ்சு சதவீதம் சூடாப் போகும். கைக்கு வர்றது 12500 பக்கம். நல்ல கம்பெனிக்காரன் பின்பக்கம் சின்ன எழுத்துல இந்த ரெண்டாவது எண்ணையும் போட்டிருப்பான்.

புதுசு வாங்கறதா இருந்தா 20000 எம்ஏஎச், 65 வாட் யுஎஸ்பி-சி வெளியீடு இருக்கறதா வாங்குங்க. வாட்-ஹவர் எண் அச்சாகி இருக்கோணும், பக்கத்துல பிஐஎஸ்ங்கற இந்தியத் தரக் குறியும் 'ஆர்'ல தொடங்கற பதிவு எண்ணும் இருக்கோணும். ஸ்டிக்கர்ல எழுதினது பையில உரசி அழிஞ்சு போயிரும். அழிஞ்சுட்டா செக்யூரிட்டில வாதாட ஒண்ணுமே இருக்காது, புடுங்கிப் போட்டுருவாங்க. உடம்புலயே பொறிச்சது, இல்லாட்டி லேசர்ல எழுதினது நல்லது. உப்பியிருக்கற, ஒரு தடவை கீழ விழுந்து ஓரம் நசுங்கின பவர் பேங்கை எந்தக் காரணத்துக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க.

மூணு பேஸ்:

சீட் ப்ளக்கைப் பத்தி நான் சொல்றனுங்க.

விமானத்துல பொதுவா ஓடறது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மின்சாரம். அதை அப்படியே நம்ம கையில குடுக்க மாட்டாங்க. சீட்டுக்கு அடியில ஒரு டப்பா இருக்கும், அது 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸா மாத்தித் தரும். உங்க அடாப்டர்ல 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்'னு இருந்தா வோல்ட்டுல பிரச்சினை இல்லை. பிரச்சினை வாட்லதான். அந்த டப்பா ஒரு ப்ளக்குக்கு சாதாரணமா 75லிருந்து 100 வாட் வரைக்கும்தான் தரும், சிலதுல 150. போதாததுக்கு, மூணு சீட்டுக்கு ரெண்டு ப்ளக்குனு ஒரே டப்பாவைப் பங்கு போட்டிருப்பாங்க. பக்கத்துக்காரர் முதல்லயே போட்டு இழுத்துட்டு இருந்தா, நீங்க போடறப்போ உங்க ப்ளக்குல விளக்கே எரியாது. முந்தினவனுக்குத்தான்.

அளவை மீறினா என்ன ஆகும்? வெடிக்காது, கருகாது. பச்சை விளக்கு அணைஞ்சு கரண்டு நின்னுரும். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஓவர்லோடு ரிலே விழற மாதிரிதான். நம்மாளுக ரிலே விழுந்தா பச்சை பட்டனை அமுக்கிட்டே நிப்பாங்க. இங்கயும் அதே மாதிரி ப்ளக்கைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகினா ஒண்ணும் நடக்காது. முதல்ல லேப்டாப்புல இருந்து வயரைக் கழட்டுங்க, அப்புறம் சீட்பக்க ப்ளக்கையும் எடுங்க, ஒரு ரெண்டு நிமிசம் விடுங்க. திரும்பப் போடறப்போ முதல்ல அடாப்டரை மட்டும் சீட்ல சொருகி, பச்சை வந்த பின்னாடி லேப்டாப்பை மாட்டுங்க. பெரிய அடாப்டருக்குள்ள இருக்கற கெப்பாசிட்டர் சொருகின நொடியில மொடக்குனு ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பும் லேப்டாப் லோடும் ஒண்ணா விழக் கூடாது. அப்படியும் வரலீனா பணிப்பெண்ணைக் கூப்பிட்டு 'சீட் பவர் ரீசெட்'னு கேளுங்க, அவங்க பக்கம் இருந்து அந்த வரிசையை அணைச்சுப் போட வழி இருக்கும். விமானம் மேல ஏறறப்பவும் இறங்கறப்பவும் பல விமானத்துல ப்ளக்கை மொத்தமா அணைச்சு வெச்சிருப்பாங்க, அதைக் கெட்டுப்போச்சுனு நினைச்சுக்காதீங்க.

இப்ப 180 வாட் அடாப்டருக்கு வாங்க. அதுல 180னு எழுதியிருக்கறது அது தரக்கூடிய உச்சம். எப்பவும் அவ்வளவு இழுக்காது. லேப்டாப் எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான். எப்ப நெம்ப கேக்கும்னா, பேட்டரி காலியா இருக்கறப்பவே வேலையும் செஞ்சா. ஓட 40 வாட், பேட்டரிக்கு ஏத்த 70, 80 வாட்னு ரெண்டும் சேந்து 110, 120 ஆயிரும், சீட் ப்ளக் விழுந்துரும், அதாவது கரண்டு நின்னுரும். லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 70, 80 சதவீதம் வரைக்கும் முழு வேகத்துல கரண்டை வாங்கும், அதுக்கு மேல வர வர வாங்கறது குறையும். ஆகவே காலி பேட்டரியோட ஏறினவனுக்குத்தான் ப்ளக் விழும், நிறைஞ்ச பேட்டரியோட ஏறினவனுக்கு விழாது.

அதனால பெரிய லேப்டாப்பை 100 சதவீதத்தோட ஏத்துங்க. உக்காந்ததும் கம்பெனி சாப்ட்வேர்லயோ, பயாஸ்லயோ (லேப்டாப் ஆன் ஆகறப்போ திறக்கற அடிப்படை அமைப்பு) இருக்கற 'சார்ஜ் வரம்பு' அமைப்புல 60 சதவீதம்னு வெச்சுட்டு அப்புறம் ப்ளக்கைப் போடுங்க. பேட்டரி 60க்கு மேல இருக்கறதால ஏத்தறதுக்குக் கரண்டே கேக்காது, ஓடறதுக்கு மட்டும்தான் இழுக்கும். அதோட விண்டோஸ் பவர் பிளான்ல 'அதிகபட்ச ப்ராசஸர் நிலை'யை 100லிருந்து 99 ஆக்குங்க. ஒரு சதவீதம் குறைச்சு என்ன ஆகப் போகுதுனு தோணும்; ஆனா அந்த ஒண்ணைக் குறைச்சா டர்போ (ப்ராசஸர் தானா வேகத்தை ஏத்திக்கறது) நின்னுரும், திடீர் திடீர்னு எகிறற இழுப்பு அடங்கிரும். தனி கிராபிக்ஸ் கார்டை அணைச்சு உள் கிராபிக்ஸ்ல ஓட்டுங்க. பேட்டர்ன் கோடு இழுக்கறதுக்கு அது தாராளமாப் போதும், துணி உடம்புல விழறதைக் காட்டற 3டி டிரேப் மட்டும் திணறும்.

கெட்டில், முடி காய வெக்கற மிசினு, இஸ்திரிப்பெட்டி எதையும் அந்த ப்ளக்குல சொருகிப் பாக்காதீங்க. சொன்னாச் சிரிப்பீங்க, ஆனா முயற்சி பண்றவங்க இருக்கறாங்க.

திருப்பூர்_நிட்:

நெம்ப நன்றிங்க. பெரிய லேப்டாப்புல உருண்டை பின் தவிர ரெண்டு யுஎஸ்பி-சி ஓட்டை இருக்குது. ஆபீஸ் லேப்டாப்போட 65 வாட் அடாப்டரையே அதுலயும் போட்டுக்கலாமுங்களா? இல்லாட்டி கிராஸ்கட் ரோட்டுல விக்கற யுஎஸ்பி-சி டு உருண்டை பின் வயர் வாங்கட்டுமா?

நொய்யல்கரை:

ஓட்டை இருக்கறது போதாதுங்க, அது கரண்டை உள்ள வாங்குமானு பாக்கோணும். லேப்டாப் மாடலோட விவரக்குறிப்புல 'யுஎஸ்பி-சி, பவர் டெலிவரி உள்ளீடு'னு இருக்கோணும். ஓட்டைக்குப் பக்கத்துல ப்ளக் படமோ, பேட்டரி படமோ இருந்தா நல்ல அறிகுறி. வெறும் மின்னல் படம் மட்டும் இருந்தா அது தண்டர்போல்ட்டா (வேகமா டேட்டா அனுப்பற இணைப்பு) இருக்கலாம், தண்டர்போல்ட்னா எல்லாமே சார்ஜ் வாங்கும்னு நினைச்சுக்க வேண்டாம். ரெண்டு ஓட்டையில ஒண்ணு மட்டும் வாங்கறதும் உண்டு.

வாங்கும்னா உங்க கவலை பாதி தீந்துது. 180 வாட் லேப்டாப் பலதும் யுஎஸ்பி-சில 20 வோல்ட் 5 ஆம்ப், அதாவது 100 வாட் வரைக்கும் ஏத்துக்கும். 65 வாட் அடாப்டரைப் போட்டா 65க்குள்ளதான் இழுக்க முடியும், அதனால சீட் ப்ளக் பெரும்பாலும் விழாது. அடாப்டரே வரம்பு போட்ட மாதிரி. என்னைக் கேட்டா மூணு பேஸ் சொன்ன அமைப்பு மாத்தறதை விட இதுதான் சுலபம். 'மெதுவான சார்ஜர்'னு ஒரு எச்சரிக்கை வரும், பொருட்படுத்த வேண்டாம். ஆனா சில லேப்டாப் 45 வாட்டுக்குக் கீழ இருந்தா, சிலது 60க்குக் கீழ இருந்தாக்கூட, மாட்டினதையே கண்டுக்காது. வீட்டுலயே ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க.

கேபிள்ல ஏமாறாதீங்க. சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்ப் வரைக்கும்தான், 20 வோல்ட்டுல 60 வாட். 65 வாட் வேணும்னா 3.25 ஆம்ப், அதுக்கு 5 ஆம்ப் கேபிள் வேணும். அந்தக் கேபிளோட முனையில ஒரு சின்ன சிப் இருக்கும், 'நான் 5 ஆம்ப் தாங்குவேன்'னு அடாப்டருக்கு அதுதான் சொல்லும். சிப் இல்லீனா அடாப்டர் 60லயே நின்னுக்கும். போனோட வந்த மெல்லிசு கேபிளைப் போட்டுட்டு அடாப்டரைக் குறை சொல்றவங்கதான் அதிகம். 100 வாட்னு முனையில எழுதியிருக்கற கேபிள் ஒண்ணு, ஒன்றரை மீட்டர். ரெண்டு மீட்டர் சீட்டுக்கு நீளம், நடக்கறவங்க கால்ல மாட்டும்.

யுஎஸ்பி-சி டு உருண்டை பின் வயர்: உங்க லேப்டாப் 20 வோல்ட்ங்கறதால வோல்ட் பொருந்தும். பின் அளவும் பொருந்தோணும். 5.5 × 2.5, 4.5 × 3.0, 7.4 × 5.0னு பல அளவு இருக்குது, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். அதை விடப் பெரிய சிக்கல், நடுவுல ஊசி மாதிரி மெல்லிசா ஒரு முள் இருந்தா அது அடையாள முள். டெல், எச்பி லேப்டாப்புகள்ல அது வழியாத்தான் 'இது எத்தனை வாட் அடாப்டர்'னு லேப்டாப் தெரிஞ்சுக்குது. பதில் வரலீனா, ஓடும், ஆனா பேட்டரி ஏறாது, வேகமும் பாதியாயிரும். யுஎஸ்பி-சி ஓட்டையே வாங்குமுன்னா இந்த வயர் தேவையே இல்லை.

இன்னொண்ணு. ரெண்டு ஓட்டை இருக்கற கான் சார்ஜர் (GaN, சின்ன உருவத்துலயே அதிக வாட் தர்றது) வாங்கி, ஒண்ணுல லேப்டாப், ஒண்ணுல போன் போடலாம்னு தோணும். 65 வாட் சார்ஜர்ல ரெண்டாவதை மாட்டின உடனே அது 45, 20னு பிரிச்சுக்கும். பிரிக்கறப்போ ரெண்டு பக்கமும் ஒரு நொடி கரண்டு நின்னு திரும்ப வரும். லேப்டாப்புக்கு 45 போதலீனா போன் மாட்டினதும் லேப்டாப் சார்ஜ் நின்னு போயிரும். போனை சீட் திரைக்குக் கீழ இருக்கற யுஎஸ்பில போட்டுக்கோங்க. பழைய யுஎஸ்பி-ஏ ஓட்டையில 2.5 வாட்டிலிருந்து 10 வாட் வரைக்கும் வரும், மெதுவா ஏறும், ஏழு மணி நேரத்துக்கு அது தாராளம்.

சூலூர் காத்து:

கோவை–பெங்களூரு பயணத்தை யாருமே கவனிக்கலியே. அந்தத் தடத்துல ஏடிஆர் வர வாய்ப்பிருக்குது. 72 பேர் பக்கம் உக்காரற புரொப்பல்லர் விமானம், சீட்ல ப்ளக்கெல்லாம் எதிர்பாக்காதீங்க. பயண நேரம் குறைவுங்கறதால அது பெரிசில்லை. சிக்கல் வேற. அதோட மேல் லாக்கர் சின்னது. சக்கரம் வெச்ச கேபின் பெட்டியை விமானத்துக்கிட்டயே வாங்கி அடியில போட்டுருவாங்க. அவசரத்துல குடுத்துட்டு ஏறிட்டீங்கன்னா பவர் பேங்க்கும் கேமரா உதிரி பேட்டரியும் சரக்கு அறைக்குப் போயிரும். அதனால லேப்டாப், பவர் பேங்க், உதிரி பேட்டரி மூணையும் தோள்ல மாட்டற பையில வெச்சிருங்க. பெட்டியில துணியும் சாம்பிளும் மட்டும். சேலத்துலிருந்து போறவங்களுக்கும் இதே கதைதான்.

செக்யூரிட்டில லேப்டாப், டேப், பவர் பேங்க், சார்ஜர் எல்லாத்தையும் தனித் தட்டுல எடுத்து வெக்கோணும். ரெண்டு பேருக்கு ரெண்டு லேப்டாப், ஸ்பெக்ட்ரோ, கேமராங்கறப்போ நாலு தட்டு ஆகும். வயருக எல்லாத்தையும் ஒரு ஜிப் பையில போட்டு வெச்சா ஒரே எடுப்புல வரும், சுருண்டு கெடந்தா பையைத் திரும்ப ஸ்கேன் பண்ணச் சொல்லுவாங்க. ஸ்பெக்ட்ரோவைப் பாத்து 'இது என்ன'னு கேப்பாங்க. அதுக்கு சார்ஜ் இருக்கோணும், ஆன் பண்ணிக் காட்டற மாதிரி. ஒரு துணித் துண்டை அளந்து காமிச்சாப் போதும்.

பேட்டரி உள்ளயே பொருத்தின 'ஸ்மார்ட்' பெட்டி எடுத்துட்டுப் போறதா இருந்தா, அந்தப் பேட்டரி கழட்டற மாதிரி இருக்கோணும். கழட்ட முடியாத பெட்டியை வாங்க மாட்டாங்க.

ஈரோடு மஞ்சள்:

சீட் ப்ளக்குல சொருகின சார்ஜர் நிக்காம கழண்டு கீழ விழுந்துட்டே இருக்குமே, அதுக்கு என்ன பண்றது?

மூணு பேஸ்:

அதுதான் நெம்பப் பேருக்கு வர்ற தொல்லை. ஆயிரக்கணக்கானவங்க சொருகிச் சொருகி உள்ள இருக்கற தகடு தளர்ந்து போயிருக்கும். சுவத்துல நேராச் சொருகற கனமான சார்ஜர், அதோட மேல உலக அடாப்டர் டப்பா ஒண்ணுன்னா கீழ தொங்கி விழுந்துரும். பாதி தொட்டுப் பாதி தொடாம இருந்தா விட்டு விட்டு வரும், சூடும் ஏறும்.

கனத்தை ப்ளக்குல தொங்க விடாதீங்க. சார்ஜருக்கும் ப்ளக்குக்கும் நடுவுல ஒரு மெல்லிசு வயர் வரோணும். லேப்டாப் அடாப்டர்னா பின்னாடி எட்டு வடிவ ஓட்டையோ, மூணு இலை மாதிரி இருக்கற ஓட்டையோ இருக்கும். அதுக்குப் பொருந்தற மெயின் வயர் தனியா கிடைக்கும். எட்டு வடிவத்துக்கு, முனையில மெல்லிசு ரெண்டு முள் இருக்கறதா வாங்குங்க. மூணு இலைக்கு, தட்டை முள் இருக்கற அமெரிக்க வயர் வாங்குங்க. விமானத்து ப்ளக் பல நாட்டு முள்ளுக்கும் பொதுவா வடிவமைச்சது. நம்ம மூணு முள் ப்ளக்குல முள்ளு 5 மில்லிமீட்டருக்கு மேல தடிப்பு, மேல இருக்கற எர்த் முள் 7 மில்லிமீட்டர். அது பல இடத்துல ஏறாது, ஏறினாலும் கவ்வாது. அடாப்டரை தரையில வெக்கலாம், சீட் பாக்கெட்டுல வெக்கலாம். போர்வைக்கு அடியில மட்டும் வேண்டாம். தொட்டா கை வெக்க முடியாத சூடு வந்துச்சுன்னா கழட்டி ஆற விடுங்க.

பீளமேடு ஓயர்மேன்:

ஜெர்மனி ப்ளக் கேள்வி விட்டுப்போச்சு. அங்க சுவத்துல குழி மாதிரி வட்டமா உள்ளே போன சாக்கெட், ஓட்டை 4.8 மில்லிமீட்டர் முள்ளுக்கு. நம்ம மூணு முள் போகாது. நம்ம ஊர் போன் சார்ஜர்ல வர்ற மெல்லிசு ரெண்டு உருண்டை முள் அப்படியே போகும். ஆகவே 65 வாட் கான் சார்ஜர் ரெண்டு முள்ளோட வாங்கினா ஜெர்மனிக்கு அடாப்டரே வேண்டாம். பெரிய லேப்டாப்புக்கு ஐரோப்பிய மெயின் வயர் ஒண்ணு வாங்கிக்கோங்க, டப்பா அடாப்டரை விட அது உருப்படியானது. துபாய் ஏர்போர்ட்டுல செவ்வக மூணு முள், பிரிட்டிஷ் மாதிரி. அதுக்கு மட்டும் ஒரு சின்ன மாத்துமுள் பையில கிடக்கட்டும்.

நொய்யல்கரை:

ஒரு கணக்கையும் போட்டுருவோம், ப்ளக்கே வேலை செய்யலீனா என்ன ஆகும்னு தெரியோணுமில்ல.

ஆபீஸ் லேப்டாப்புல எக்செல் மட்டும், திரை வெளிச்சம் 40 சதவீதம், வைஃபை அணைச்சு வெச்சா 10லிருந்து 12 வாட் போகும். 54ஐ 12ஆல வகுத்தா நாலரை மணி நேரம். பெரிய லேப்டாப் உள் கிராபிக்ஸ்ல பேட்டர்ன் வேலைக்கு 25 வாட்னு வெச்சா 83க்கு மூணு மணி நேரம் சொச்சம். தனி கிராபிக்ஸ் ஓடினா ஒண்ணரை மணி நேரம்கூட நிக்காது. பவர் பேங்கை விமானத்துக்குள்ள தொடக் கூடாதுங்கறதால அதை இந்தக் கணக்குல சேக்காதீங்க. அது துபாய்ல போர்டிங் கேட் பக்கத்துல ப்ளக் கிடைக்காதப்போ லேப்டாப்புக்கு 60 வாட்-ஹவர் ஊத்தறதுக்கு மட்டும்.

ஆக ஏழு மணி நேரத்துல பெரிய லேப்டாப்புக்கு மூணு மணி நேர வேலைதான் வெச்சுக்கோங்க. பேட்டர்ன் திருத்தத்தை துபாய்ல சுவர் ப்ளக்குல உக்காந்து முடிக்க முடியுமானு பாருங்க. அங்க 180 வாட் அடாப்டரே ஓடும். விமானத்துல காஸ்டிங் ஷீட். பைல்களை ரெண்டு லேப்டாப்புலயும் பென் டிரைவ்ல முன்கூட்டியே ஏத்தி வெச்சுருங்க, ஒண்ணு படுத்துட்டா மத்ததுல திறக்கற மாதிரி. போனை ஏரோபிளேன் மோடுல போட மறக்காதீங்க. டவர் கிடைக்காத உயரத்துல அது முழு சக்தியோட தேடித் தேடி பேட்டரியைத் தின்னுரும்.

போன் சீட் இடுக்குல விழுந்துட்டா சீட்டை முன்னயும் பின்னயும் சாய்க்காதீங்க. நசுங்கினா பேட்டரி கிழிஞ்சு புகையும். பணியாளரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க.

பவானி ஜமுக்காளம்:

நான் சொன்னதை எடுத்துக்க வேண்டாமுங்க, தெரியாமச் சொல்லிட்டேன்.

திருப்பூர்_நிட்:

எல்லாருக்கும் நன்றிங்க. பெரிய லேப்டாப்போட வலப்பக்க யுஎஸ்பி-சி ஓட்டைக்கு மட்டும் ப்ளக் படம் இருக்குது. 65 வாட்டைப் போட்டுப் பாத்தேன், 'மெதுவான சார்ஜர்'னு சொல்லிட்டு ஏறுது. 30000ஐ வீட்டுல வெச்சுட்டு 74 வாட்-ஹவர்ல ஒண்ணு வாங்கியாச்சு. சார்ஜ் வரம்பு 60ங்கற அமைப்பும் கம்பெனி சாப்ட்வேர்லயே இருக்குது, இப்பவே மாத்தி வெச்சுடட்டுமா?

மூணு பேஸ்:

இப்ப மாத்தாதீங்க. இப்ப 60 வெச்சா கிளம்பற அன்னிக்கு ராத்திரி முழுக்க ப்ளக்குல கிடந்தாலும் 60லதான் நிக்கும், அப்படியே ஏறுவீங்க. கிளம்பற வரைக்கும் 100. சீட்ல உக்காந்து பெல்ட் விளக்கு அணைஞ்ச பின்னாடி 60. சில லேப்டாப்புல 60 வெச்சதும் ப்ளக்குல இருந்தாலும் பேட்டரியில இருந்தே எடுத்து 60க்கு இறங்கற வரைக்கும் ஓடும், அதையும் வீட்டுலயே பாத்துருங்க. உங்களுது அப்படின்னா வரம்பைத் தொடவே வேண்டாம், 65 வாட் அடாப்டர் மட்டும் போதும்.